டாக்டரை அறுத்தது யார்

செஞ்சியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை எல்லோரும் மார்க்கர் என்றே அழைத்தார்கள். மெட்ராஸில் ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசையருகே நின்று புள்ளி குறித்து ஓய்வு பெற்றவர்; ஒல்லியான, நெட்டையான மனிதர். ஆட்டக்காரர்கள் விட்டுச்சென்ற, பந்தைத் தள்ளும் ஏழு கோல்களை வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் அதன் ஆட்டக்காரரைச் சொல்லியே குறிப்பிடுவார்: ஜட்ஜு, டாக்டரு, கலெக்டரு. தினமும் அவற்றைத் தரையில் உருட்டிவிட்டு, வளைந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

கண் ஆபரேஷனுக்கு வேலூர் போனபோது எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்தார்.

"நீ படிச்ச பொண்ணும்மா. உங்கிட்டன்னா பத்திரமா இருக்கும்."

அந்த வாரம் ஒருநாள் தூளித்துணி இரு பக்கமும் சேர்ந்து என் குழந்தையின் முகத்தை மூடிவிட்டது. துணியை விரித்து நிறுத்த உடனே ஒரு குச்சி வேண்டும் என்று பதறினேன். என் கணவர் கைக்குக் கிடைத்த கோலை எடுத்து அறுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

வேலூரிலிருந்து திரும்பிய மார்க்கர் தூளியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"டாக்டர யார்ம்மா அறுத்தது?"

"வீட்டுக்காரருதாங்க."

"நீ அப்ப எங்க இருந்த?"

"இங்கதான் இருந்தேன்."

மீதி ஆறு கோல்களையும் எடுத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில், சிராய் இல்லாமல் இழைத்த ஒரு மூங்கில் குச்சியோடு வந்தார். குழந்தை விழிக்கும்வரை வாசலில் காத்திருந்து, மூங்கிலைத் தூளியில் மாட்டிவிட்டுத் தன் கோலின் துண்டை உருவிக்கொண்டார். மற்றத் துண்டையும் கேட்டு வாங்கினார்.

கோலை அறுத்த என் கணவரோடு எப்போதும்போலப் பேசினார். என்னோடுதான் பிறகு பேசவேயில்லை. அது நியாயம்தானா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.