தராசில் விழுந்த வெளிச்சம்

தோட்டத்து டிராக்டரின் பின்விளக்கைக் கல்லெறிந்து உடைத்தவன் நான். இப்போது கந்தப்பளையில் என் பேரன் தன் பழைய டிராக்டருக்குப் புது விளக்குப் பூட்டியபோது அந்தக் கண்ணாடிச் சத்தம் மீண்டும் கேட்டது.

நான் சிறுவனாயிருந்த காலத்தில், அந்தியில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது வெளிச்சம் இருக்காது. கணக்கப்பிள்ளையான என் அப்பா சொன்னதே எடை. டிரைவர் ராமையா, லொறியிலிருந்து கழற்றிய பெரிய விளக்கை டிராக்டரின் பின்னால் பூட்டித் தராசுக்கு நேரே திருப்பினார்.

“கணக்கப்பிள்ளை ஐயா, முள்ளு பதினெட்டுல நிக்குது, ஒங்க வாயி பதினாலுல நிக்குதே!” என்றாள் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா. பெண்கள் சிரித்தார்கள். அப்பா தலைகுனிந்ததைப் பொறுக்காமல்தான் அன்றிரவு யாருமில்லாதபோது கல்லை எறிந்தேன்.

மறுநாள் மீண்டும் இருட்டில் நிறுத்தார்கள். அப்பா சொன்ன எடைக்கே பேச்சியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தீபாவளிக் காசில் கொட்டகலையில் விளக்கு வாங்கி, “நான்தான் ஒடச்சேன், அண்ணே” என்று ராமையாவிடம் நீட்டினேன்.

“அப்ப நீயே பூட்டு, தம்பி.”

எல்லோரும் பார்க்கப் பூட்டினேன். அப்பா முள் காட்டிய எடையை உரக்கச் சொன்னார். என்னோடு மட்டும் ஒரு வாரம் பேசவில்லை.