வெந்நீர்ப் பை வைத்த கார்

நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் அந்த மனிதருக்கு ‘நல்லாருக்கேன்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பல் டாக்டரிடம் போகும் முன் மூன்று தடவை பல் தேய்ப்பார். குழாய் ரிப்பேர்காரர் வருகிறார் என்றால், ஒழுகிய தரையைத் துடைத்துக் காயவைத்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வாங்க" என்பார். காய்ச்சலோடு போனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து டாக்டரின் உடம்பை விசாரிப்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை. பார்க்கிறவர் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான்.

இவருடைய கார்தான் குளிர்காலம் வந்ததும் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறரைக்கு வார்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. காரோ இருபது தடவை இருமி, பத்து தடவை முனகி, கடைசியில் மனமிரங்கிக் கிளம்பும். இப்படியே மனைவி இரண்டு நாள் தாமதமாகப் போய்விட்டார். மூன்றாவது தாமதம் என்றால் குளிர்காலம் முடியும்வரை இரவு ட்யூட்டி என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். அப்புறம் கணவனும் மனைவியும் ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

நல்லாருக்கேன் சும்மா இருக்கவில்லை. மூன்று தடவை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். அதை நடத்துவது ஒரு பெண்மணி; நாற்பது வயது, கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் கிண்டல். அவர் சாவியைத் திருப்பினால் போதும், கார் மாப்பிள்ளை முறுக்கெல்லாம் மறந்து சட்டென்று கிளம்பும். முதல் தடவை பேட்டரி மாற்றினார். இரண்டாம் தடவை பிளக். மூன்றாம் தடவை கம்ப்யூட்டர் கருவியைச் செருகிப் பார்த்தார்.

"எஞ்சின் சூடு எண்பத்தஞ்சு டிகிரி. ஓடி வந்த வண்டிக்குச் சரிதான். இதுல என்ன குறை சார்?"

பிள்ளை முதல் மார்க் வாங்கியது போல நல்லாருக்கேன் முகம் மலர்ந்தது. மெக்கானிக்குக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

"வீட்லேர்ந்து நேரா வந்தீங்களா?"

"இல்லம்மா. ரெண்டு ரவுண்டு அடிச்சு, நல்லா சூடாக்கித்தான் கொண்டு வருவேன். உங்க முன்னாடி மக்கர் பண்ணா நல்லாவா இருக்கும்?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நோயாளியைக் குணப்படுத்திட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டு வர்ற ஆளை இப்பதான் சார் பாக்குறேன். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு நானே வர்றேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

செய்தி வீட்டுக்குப் போனதும் மனைவி சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாதா?

ஆனாலும் தெரியவில்லை. காலையில் மெக்கானிக் வந்தபோது கார் மூக்கின் மேல் கம்பளிப் போர்வை, போர்வைக்குள் ரப்பர் வெந்நீர்ப் பை.

"காருக்குப் பிரசவமா சார்?"

"ரொம்பக் குளிரா இருந்துச்சேன்னு..."

மனைவி யூனிஃபார்மில், பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றார். "இவரை முதல்ல ரிப்பேர் பண்ணிட்டு வண்டிக்கு வாங்கம்மா."

சாவியைத் திருப்பினார்கள். கார் இருமியது, முனகியது, நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அது வெளியாள் முன் உண்மையைச் சொன்னது. மெக்கானிக் கருவியைச் செருகினார். திரையில் எண்பத்தஞ்சு.

"என் வெந்நீர்ப் பையாலயா இருக்கும்?" என்றார் அவர் குற்ற உணர்வோடு.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஐஸ். "உங்க பை போர்வையத்தான் சூடாக்கியிருக்கு. ராத்திரி பூரா நின்ன வண்டி எப்படி எண்பத்தஞ்சு காட்டும்? சூடு பாக்குற சென்சார் கெட்டுப்போச்சு. குளிர்ல எஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலா வேணும். இது எந்நேரமும் ‘சூடாத்தான் இருக்கேன், ஒண்ணும் வேணாம்’னு சொன்னா கம்ப்யூட்டர் எங்கேர்ந்து குடுக்கும்?"

"இவருக்குத் தூரத்துச் சொந்தம் போல" என்றார் மனைவி.

நல்லாருக்கேன் கார்க் கண்ணாடியில் படிந்த பனியை மிகுந்த அக்கறையோடு சுரண்டினார்.

மணி ஐந்து ஐம்பது. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷ ஓட்டம். "பேட்டரி, பிளக் ரெண்டும் புதுசு. மிச்சம் இதுதான்னு ஒண்ணு கையோட கொண்டாந்தேன்" என்று கட்டைவிரல் அளவு சென்சாரை மெக்கானிக் எடுத்தார். நர்ஸ் டார்ச் பிடித்தார். கேட்கும் முன்னே ஸ்பேனரை எடுத்து நீட்டினார். பழையதைக் கழற்றியபோது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொஞ்சம் வழிந்தது. துணியை அழுத்திப் பிடித்ததும் நர்ஸ்தான். புதியதை மாட்டி ஒயரைச் செருகியதும் திரையில் எண் சரிந்தது: மூன்று.

"இப்பதான் நிஜம் பேசுது. போடுங்க சிஸ்டர்."

ஒரே திருப்பு. மனைவி ஓட்ட, கார் கிளம்பியது. தெருமுனை விளக்குக்கு அப்பால் காரின் சிவப்பு விளக்குகள் மறையும்வரை நல்லாருக்கேன் வாசலிலேயே நின்றார்.

ஆறு இருபத்தாறுக்கு போன் அடித்தது. "கையெழுத்துப் போட்டுட்டேங்க. தலைமை நர்ஸ் இன்னும் வரல."

போனை வைத்துவிட்டு, மூன்று வாரமாகக் கார் கவலையில் சரியாகத் தூங்காத மனிதர் ஐந்து நிமிஷம் சாயலாம் என்று படுத்தார். நூலகம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. தலைமை நூலகர் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காரணம் கேட்டார்.

"தூங்கிட்டேன் மேடம்."

பதினெட்டு வருஷத்தில் இவர் வாயிலிருந்து இப்படியொரு பதிலைக் கேட்டிராத அம்மையார் உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்லாருக்கேன் உட்காரவில்லை. சிவப்பு மையில் ‘தாமதம்’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீட்டி அடித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனார்.