உபவாச நாளில் உண்ட ரொட்டி

அம்மாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. கட்சால் தீவிலிருந்து ஹெலிகாப்டரில் போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. கர்ப்பப்பையை உடனே அகற்ற வேண்டும், அதற்குமுன் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். அம்மாவின் வகை இரத்தம் அந்த வாரம் வங்கியில் தீர்ந்திருந்தது. "ஆண்டவரே, கைவிடாதேயும்" என்பதற்கு மேல் எனக்கு ஜெபிக்க வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் போர்ட் பிளேயர் சபையார் அம்மாவுக்காக உபவாசம் இருந்து மருத்துவமனை வராந்தாவில் கூடியிருந்தார்கள். எனக்கும், ஜெபக்குழுவை நடத்தும் எஸ்தர் அக்காவுக்கும் அதே வகை இரத்தம். இருவரும் கொடுக்கப் போனோம்.

உபவாசம் என்றதும் இரத்த வங்கி நர்ஸ் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலி பேட்? அரே பாப்ரே! வெறும் வயித்தோட வந்து மயங்கி விழுந்தா யாரு தூக்குறது? ஜாவ், சாப்பிட்டு வாங்க."

எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்தார். "சாயங்காலம் உபவாசம் முடியட்டும்மா. நடுவுல முறிச்சா ஜெபம் கேக்கப்படுமா?"

"அதுவரைக்கும் அம்மா தாங்குவாங்களாக்கா?"

"விசுவாசம் இல்லாதவ மாதிரி பேசாதடி."

சபையில் குரல் உயர்த்திப் பழகாதவள் நான். அன்றும் உயர்த்தவில்லை. கேன்டீனில் ரொட்டியும் பருப்பும் வாங்கிவந்து, எல்லார் எதிரிலும் ஸ்தோத்திரம் சொல்லி உண்டேன். "நீங்களும் சாப்பிடுங்கக்கா" என்று தட்டை நீட்டினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊசி என்றாலே எனக்குப் பயம். எழுந்து ஓடிவிடு என்றது உடல். வெள்ளிதோறும் பசித்த வயிற்றிடம், "நீ எனக்கு எஜமான் அல்ல" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அன்று கைக்கும் அதையே சொல்லி நீட்டினேன்.

கொடுத்து முடித்து எழுந்தபோது பக்கத்து நாற்காலியில் எஸ்தர் அக்கா, ஊசிக்குக் கையை நீட்டியபடி. உதட்டோரம் பருப்பு ஒட்டியிருந்தது.

"என்ன பாக்குற? பசிக்காக ஒண்ணும் சாப்பிடல" என்றார்.

சாயங்காலத்துக்கு முன்பே அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆண்டவர் அம்மாவைத் திரும்பத் தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

உபவாசத்தை முறித்தவள் என்று சிலர் இன்றும் என்னைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பட்டினி கிடந்து ஆண்டவரின் கையை முறுக்கிவிடலாம் என்று எனக்கு எவரும் இனிக் கற்பிக்க முடியாது. அவர் அழைக்கும் நேரத்தில் இந்த உடல் மறுக்காமல் எழ வேண்டும். அதற்கான பழக்கமே உபவாசம். ஆகவே இப்போது முன்னிலும் கண்டிப்பாக உபவாசிக்கிறேன்.

அன்பானவர்களே, அவரை நம்பி நீங்களும் வாருங்கள். வரும் வெள்ளியன்று சேர்ந்து பசித்திருப்போம். நடுவில் எவருக்கேனும் இரத்தம் தேவைப்பட்டால், சாப்பிட முதலில் எழுகிறவள் நானாகவே இருப்பேன்.