பின்தோள் வடு

என் தங்கை கெசாயா பெற்றவை இவை: ஆற்றங்கரையில் பதினோரு ஏக்கர் நிலம், கண்ணாடிச் சன்னல் வைத்த வீடு, யாரிடமும் இரவல் கேட்காமல் உழுவதற்கு ஒரு கோவேறு கழுதை, இவற்றோடு மகள் மினெர்வா. முதல் மூன்றும் உழைத்து வாங்கியவை. மகளை மட்டும் கோர்ட்டில் வாங்கினாள். அதை அவள் சொல்லமாட்டாள். கூட இருந்த அண்ணன் நான் எழுதுகிறேன்.

அடிமைகளுக்கு விடுதலை வந்ததும் அவள் பிரேஸ்வெல் துரையின் கரும்புத் தோட்டத்தை விட்டுக் கிளம்பினாள். துரை குழந்தையை அனுப்பவில்லை. தாய் செத்த அநாதை, கெசாயா பால் கொடுத்தவள் மட்டுமே என்று கோர்ட்டில் எழுதிக்கொடுத்து, பதினெட்டு வயதுவரை குழந்தையைத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொள்ள உத்தரவும் வாங்கிவிட்டார். அப்போது மினெர்வாவுக்கு ஏழு வயது.

எங்களுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. விற்ற பதிவு உண்டு. லூசியானாவில் ஆளை விற்றால் பத்திரம் எழுதிக் கோர்ட்டில் வைக்கவேண்டும். உடம்பில் உள்ள குறையையும் அதில் சொல்லவேண்டும். மறைத்தால் வாங்கியவர் ஆளைத் திருப்பிக்கொடுத்துவிடலாம். கெசாயா பத்தொன்பது மைல் நடந்துபோய் அந்தப் பத்திரத்தைத் தேடச் சொன்னாள். குமாஸ்தா மூன்று தடவை இல்லை என்றான். நாலாம் தடவை எடுத்தான்.

நீதிபதி முன்னால் அதைப் படித்தார்கள். கெசாயா, வயது இருபது, பின்தோளில் தீக்காய வடு; அவள் பெற்ற பெண் குழந்தை, வயது எட்டு மாதம். கீழே வாங்கியவர் கையெழுத்து, பிரேஸ்வெல்.

துரை அசரவில்லை. "கெசாயாங்கிற பேர்ல என்கிட்ட ரெண்டு பேர் இருந்தாங்க. இது செத்துப்போனவளோட பத்திரம்" என்றார்.

நீதிபதி வடுவைக் காட்டச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருண்ணே. எனக்கென்ன இது புதுசா?" என்றாள். பொத்தான்களைக் கழற்றி, துரை பக்கமாக முதுகைத் திருப்பினாள்.

"அன்னைக்குத் தடவித் தடவிப் பாத்துத்தானே வாங்குனீங்க தொர. இன்னொரு தடவை பாத்துக்குங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். துரை தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

குழந்தையை ஒப்படைக்க உத்தரவானது. பெற்றுக்கொண்டதற்குக் குமாஸ்தா ஒரு தாளை நீட்டி, பெருக்கல் குறி போட்டால் போதும் என்றான். சர்ச்சில் ஞாயிறுதோறும் எழுத்துப் பழகிவந்தவள் பேனாவை வாங்கினாள். விற்ற பத்திரத்தில் இல்லாத எங்கள் அப்பாவின் குடும்பப் பெயரையும் சேர்த்து, நிதானமாக எழுதினாள்: கெசாயா டாலிவர். 1866 நவம்பர் 19, திங்கட்கிழமை.