எரிச்சல் நின்ற வருஷம்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய கைக்குட்டை ஒன்றில் சுற்றிய இசைக்கவை கிடக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு காம்பு, அதிலிருந்து பிரியும் இரண்டு கிளை, எல்லாம் எஃகு. உள்ளங்கை மேட்டில் ஒரு தட்டு தட்டினால் மெல்ல முனகிக்கொண்டே நடுங்கும். காம்பின் அடியை நோயாளியின் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, "நடுங்குதா? நின்னதும் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். காரைக்காலில் சர்க்கரை நோய்க்கென்று இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இத்தனை வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுதான். இப்போது இந்த வேலைக்கு ஒரு மின்சாரக் கருவி வந்துவிட்டது. கவையைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். போடவில்லை. ஆனால் மூன்று வருஷமாக, போன ஞாயிற்றுக்கிழமை தவிர, அதை வெளியே எடுத்ததும் இல்லை. அதைப் பார்த்தாலே எனக்கு மீன் சுடும் வாசனை வரும். ஏன் என்று சொல்கிறேன்.

சித்தப்பா, என் அப்பாவின் தம்பி, விசைப்படகு டிரைவர். ஆள் கட்டை, குரல் முரடு, பாதம் இரண்டும் அகலம். படகில் செருப்புப் போட மாட்டார். மற்ற டிரைவர்கள் இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்பார்கள். இவர் பலகையில் வெறுங்காலை ஊன்றி நின்று கேட்பார். "காதுக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான் பாப்பா. காலுக்குத்தான் இஞ்சினோட மனசு தெரியும்" என்பார். பெருமை பேசுகிறார் என்று நாங்கள் சிரிப்போம். ஆனால் ஆழியில் இருக்கும்போதே, "கீழ என்னமோ லூசாவுது, போய்ப் பாரு" என்று அவர் ஆள் அனுப்பினால், போகிறவன் அங்கே தளர்ந்த போல்ட்டைக் கண்டுபிடிக்காமல் திரும்பியதில்லை.

அந்தக் கால்தான் முதலில் எரிய ஆரம்பித்தது. சர்க்கரை இருப்பது தெரிந்து பல வருஷமாகியிருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. "என் உடம்பு உப்புல ஊறுனது, சர்க்கரை என்ன பண்ணும்?" என்று கேலி வேறு. பிறகு பாதம் இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரி எரிகிறது என்றார். கைலியின் ஓரம் உரசினால்கூட, "எடு, எடு" என்று கத்துவார். கடலுக்குப் போனால் ஐஸ் பெட்டியில், மீனுக்கு நடுவே, காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். சித்தி ஈரத்துணி போட்டு விசிறியே கை ஓய்ந்துபோனாள். கடைசியில் அம்பகரத்தூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: எரிச்சல் நின்றால் வெள்ளியில் ஒரு ஜோடி கால் செய்து போடுகிறேன் தாயே என்று.

ஒன்றரை வருஷம் கழித்து எரிச்சல் நின்றது. சுத்தமாக நின்றது. சித்தி தெருவெல்லாம் சொன்னாள். பஸ் பிடித்து எல்லோரும் அம்பகரத்தூர் போனோம். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். வெள்ளித் தகட்டில் வெட்டிய அந்தக் குட்டிப் பாதங்களைச் சித்தி கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டாள். சித்தப்பா பிராகாரத்தின் சுடுகல்லில், நல்ல வெயிலில், ஆற அமர ஒரு சுற்று வந்தார். நாங்களெல்லாம் நிழல் தேடித் தத்திக்கொண்டு ஓடினோம். "பாத்தீங்களா, காலு எப்புடி ஆயிடுச்சு!" என்று சித்தி பூரித்துப் போனாள். சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கி அவர் இரண்டு முறை சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். ஒரு வாயோடு தொன்னையை மடித்துவிட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியும்.

எங்கள் டாக்டரம்மா அம்பகரத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நான் வேலையில் சேர்ந்த புதிதில் நரம்பைப் பற்றி ஒரு தடவைதான் விளக்கினார், மறக்கவே இல்லை. "நரம்பு உயிரணு முதுகுத்தண்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. அதோட இழை மட்டும் தொடை, முழங்கால்னு இறங்கிக் கட்டைவிரல் நுனி வரைக்கும் போவுது. இழைக்கு வேண்டிய சத்தெல்லாம் மேலேருந்துதான் வரணும். ரத்தத்துல சர்க்கரை ஏறி அந்த வரத்து கெட்டுப்போனா முதல்ல காயறது எது?" என்று கேட்டார். "கடைமடை" என்றேன். காவிரி வந்து சேரும் கடைசி ஊரில் பிறந்தவளுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? அதனால்தான் நோய் விரல் நுனியில் தொடங்கிப் பாதம், கணுக்கால் என்று மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது கைவிரலிலும் ஆரம்பித்துவிடும். காய்கிற இழை சும்மா காயாது; யாரும் தொடாமலே சுடுது, குத்துது என்று பொய்க் கூப்பாடு போடும். அதுதான் எரிச்சல். பிறகு இழை செத்துப்போகும், கூப்பாடும் அடங்கும். "மருந்தால அடங்குனா சரி. தானா அடங்குச்சுன்னா நோயாளி சிரிப்பாரு, நீ பயப்படணும்" என்றார் டாக்டரம்மா.

நான் பயந்தேன். ஆனால் சித்தி நேர்த்திக்கடன் செலுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த முகத்தைப் பார்த்து, அம்மன் நிறுத்தவில்லை, நரம்பு செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடுவதில் நான் கெட்டிக்காரி.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு சித்தியின் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரும் அதே படகில்தான் வேலை. எனக்கு மாமா முறை. மருந்து வாங்க வந்தவர்போல நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாப்பா, அத்தான் இப்பல்லாம் குனிஞ்சு பலகைல கைய வெச்சுப் பாக்குறாரு."

"எதுக்கு மாமா?"

"இஞ்சின் ஓடுதான்னு."

அன்றைக்கே சித்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பியும் நம்பாமலும் கேட்டாள். கடைசியில் புருஷனிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "பாப்பா உங்க காலைச் சோதிச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் தடை முடிஞ்சு கடலுக்குப் போவணும். இல்லாட்டி என் பொணத்தைத் தாண்டித்தான் படகுல ஏறணும்." ஆக, அவர் கடலுக்குப் போவதா வீட்டில் உட்காருவதா என்பது என் கையிலிருந்த ஒரு எஃகுத் துண்டில் வந்து நின்றது.

தடை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. கவையைப் பார்த்ததும், "இந்தக் கரண்டியா என் விதிய எழுதப்போவுது?" என்றார். இந்தச் சோதனைக்கு இரண்டு விதி உண்டு. நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும். நடுநடுவே கவையைத் தட்டாமலே வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் "நடுங்குது" என்றால் ஆள் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். "கண்ணை மூடுங்க சித்தப்பா" என்றேன். "ஏன், கண்ணைக் கட்டிக் கடல்ல வுடப்போறியா?" என்றார். பக்கத்தில் நின்ற சித்தி சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன். வெளியே வரிசையில் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சரி போகட்டும் என்று விட்டேன். தட்டாமல் வைத்தும் பார்க்கவில்லை. பெற்ற தகப்பனுக்குப் பிறகு தகப்பனாக இருந்தவரைத் திருடனைப்போலச் சோதிப்பதா என்று ஒரு கூச்சம்.

"நடுங்குது." "நடுங்குது." "ம்... இப்ப நின்னுடுச்சு." ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் சொன்னார். இத்தனை சரியாக இளவட்டங்கள்கூடச் சொல்வதில்லை. அதுவே என்னை உலுக்கியிருக்க வேண்டும். உலுக்கவில்லை, எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. சீட்டில் 'நார்மல்' என்று எழுதினேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அந்த எழுதினவள் நான்தான். சித்தப்பா அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடலில் மூன்றாம் நாள் நடந்ததை மாமாதான் பிறகு எனக்குச் சொன்னார். பகல் பொழுது. எல்லோரும் பின்பக்கம் வலையில் நிற்கிறார்கள். சித்தப்பா வீல் பிடித்துக்கொண்டிருக்கிறார். மீன் சுடும் வாசனை வந்திருக்கிறது. சித்தப்பாவே கத்தியிருக்கிறார்: "எவன்டா அது, சோத்து நேரத்துக்கு முன்னாடியே மீன் சுடுறவன்?" ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் அடுப்பே மூட்டவில்லை. மாமா வாசனை வந்த வழியே நடந்து வீல் பிடிக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். இஞ்சினிலிருந்து மேலே போகும் புகைக்குழாய் அங்கே ஓரமாக ஏறும். சூடு தாக்காமல் அதைச் சுற்றியிருந்த கட்டு ஒரு பக்கம் பிரிந்து இரும்பு தெரிந்தது. அந்த இரும்பில் சித்தப்பாவின் வலது பாதம் சாய்ந்திருந்தது. அவர் கண் கடலில் இருந்தது.

"'அத்தான், காலு'ன்னு கத்துனேன் பாப்பா. குனிஞ்சு பாத்தாரு. உடனே எடுக்கலை. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. யாரோட காலோன்னு பாக்குற மாதிரி."

கரைக்கு வந்து, இங்கே பார்த்து, புதுச்சேரிக்குக் கொண்டு போய், சீழ் பிடித்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்: "நான் உன் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் பாப்பா. நீ தட்டுறது தெரியுது. சத்தமும் கேட்டுச்சு. இஞ்சினைக் கேட்டவனுக்கு அந்தக் கரண்டியக் கேக்கத் தெரியாதா?" அந்த இரண்டு விதிகளையும், நான் இரண்டையும் விட்டதையும் அவரிடம் சொன்னேன். தட்டாமலே வைப்பது என்றதும் வியந்துபோய், "அட, அப்புடி ஒரு வழி இருக்கா? வெச்சிருந்தீன்னா மாட்டியிருப்பேன்" என்றார். "மாட்டியிருப்பீங்க சித்தப்பா" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து மாதம் இரண்டு ஆகியிருக்கும். காலையில் போன் செய்தார்.

"பாப்பா, காலு எரியுது."

"எந்தக் கால் சித்தப்பா?"

"இல்லாத காலுதான்."

அறுத்த இடத்தில் நரம்பின் முனை தவிக்கும். மூளைக்கு இன்னும் பழைய பாதம் நினைவிருக்கும். அதனால் இல்லாத விரலில்கூட எரிச்சல் வரும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளையைப்போல ஆசையாக அவர் கேட்டார்: "அப்ப நரம்பு உசுரோடதானே இருந்திருக்கு? அவசரப்பட்டு வெட்டிட்டாங்களோ?" இல்லை சித்தப்பா, அது காலில் செத்துவிட்டது, மேலேதான் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றைக்குத்தான் கவையைக் கைக்குட்டையில் சுற்றி இழுப்பறைக்குள் போட்டேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், நான் குடியிருக்கும் தலத்தெருவிலிருந்து போய் அவருடைய மிச்சமிருக்கும் காலைப் பார்த்துவிட்டு வருவேன். விரலிடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பேன். இரண்டு வாரத்துக்கு முன்பு அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சித்தி, "உன் காலு எரிச்சல் எப்புடிடி இருக்கு?" என்று கேட்டாள். எனக்கும் சர்க்கரை வந்து ஆறு வருஷமாகிறது. போன தீபாவளியிலிருந்து உள்ளங்கால் எரிச்சல். பேச்சுவாக்கில் ஒருமுறை அவளிடம் சொல்லியிருந்தேன். "ஒரு மாசமா இல்ல சித்தி" என்றேன். சித்தி சட்டென்று கைகூப்பினாள். "அம்மா தாயே! உனக்காகவும்தான் வேண்டிக்கிட்டேன்" என்றாள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "புதுசா எதாவது மாத்திரை போடுறியா?" என்று கேட்டார். இல்லையென்றேன். கிளம்பும்போது, "அடுத்த வாரம் வரச்ச அந்தக் கரண்டிய எடுத்துக்கிட்டு வா" என்றார்.

அடுத்தவர் காலில் ஆயிரம் முறை வைத்தவள், அந்த ஒரு மாதத்தில் என் காலில் ஒரு தடவையாவது வைத்துப் பார்த்தேனா? வைக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போனேன். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு ஸ்டூல் போட்டு, "உக்காரு. காலைத் தூக்கி என் மடில வையி" என்றார். "ஐயையோ, உங்க மேல காலையா?" என்று பதறினேன். "எத்தனை வருஷமா என் காலைப் புடிச்சுக்கிட்டு இருக்க? வையி சும்மா" என்றார். வைத்தேன். பஞ்சைக் கிள்ளி என் இரண்டு காதிலும் அவரே அடைத்தார். பிறகு, நான் அவரிடம் சொல்லி, அவர் கேலி செய்ததும் விட்டுவிட்ட அந்த வார்த்தையைச் சொன்னார். பஞ்சுக்குள்ளும் கேட்டது.

"கண்ணை மூடு."

மூடினேன். கட்டைவிரலில் ஏதோ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததா என்றும் சந்தேகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தேன். எங்கிருந்தோ, ரொம்ப ஆழத்திலிருந்து, மெல்லிசாக ஒரு நடுக்கம் ஏறி வந்தது. வந்தது என்று அந்த நிமிஷம் சத்தியமே செய்திருப்பேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"நடுங்குது சித்தப்பா" என்றேன்.

அவர் என் வலது காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"நான் இன்னும் தட்டவே இல்லையே பாப்பா."