ஆற்றங்கரை ஆலையில் என் மிளகாய்த்தூள்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் தூள் அரைக்கும் மில்லை ஒற்றை ஆளாக நின்று எழுப்பினேன். ரூஜிலும் யூனியன்வில்லிலும் என் மிளகாய்த்தூள் போகாத தமிழ்க் குசினி குறைவு. அந்தத் துணிவில்தான் ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஆற்றோரச் சின்ன ஊரொன்றில் பூட்டிக் கிடந்த, கல்லால் கட்டிய பழைய ஆலையை வாங்கினேன்.

"மிளகாய் வறுத்தால் ஊரே தும்மும். உவங்கள் விடுவாங்களோ?" என்று என்ரை மனிசி கேட்டா.

"என்னைத் தெரியாத மாதிரிக் கதைக்காதை."

கோடை முடியுமட்டும் பார்ப்போம், பிறகுதான் நிரந்தர அனுமதி என்றது ஊர்ச்சபை. முதல் நாளே ஜன்னலைத் திறந்துவைத்து வறுத்தேன். எதிர்க் கோப்பிக்கடைக்காரி கண்ணீரோடு வந்து நின்றா.

"இங்கே என்னத்தை எரிக்கிறீர்கள்?"

அன்றே சபைக்கு முறைப்பாடும் போட்டா. வறுப்பதை விட்டேன். வீட்டில் வறுத்துக் கொண்டுவாருங்கள், அரைத்துத் தருகிறேன் என்று ரொறன்ரோத் தமிழ்ச் சனத்துக்குச் சொன்னேன். சனம் வந்தது. ஆனால் எங்கட ஆக்கள் மிளகாயை விட்டுவிட்டுப் போவார்களா? முந்தி அரைத்தவரின் மிளகாய் தங்கடையோடு கலந்துவிடுமாம். முறை வருமட்டும் அந்தத் தெருவிலேயே நின்றார்கள். நின்றவர்களுக்குக் கோப்பி வேண்டியிருந்தது.

ஊர் வரலாற்றுச் சங்கத்துக் கிழவர் ஒருநாள் பழைய படங்களோடு வந்தார். ஆற்றங்கரையில் முதலில் மரம் அரியும் ஆலைதானாம். பிறகுதான் என் கட்டடம், ஆற்றுத் தண்ணீரில் சுற்றிய மா ஆலை. கமக்காரர் தங்கள் கோதுமை வேறொருவன் சாக்குக்குள் போய்விடும் என்று வண்டியோடு காத்திருப்பார்களாம். காத்திருந்தவர்களை நம்பித்தான் லாடம் அடிக்கும் பட்டறையும், சாப்பாட்டுக் கடையும், பலசரக்குக் கடையும் வந்தன. ரயில் வேறு பக்கம் போனதும் எல்லாம் ஓய்ந்தது.

"எங்கட ஆக்களேதான்" என்றேன். அவர் சிரித்தார்.

கோடை முடிவில் சபை கூடியது. கோப்பிக்கடைக்காரி எழும்பினா. முடிந்தது கதை என்று மனிசி என் கையைப் பிடித்தா.

"முதல் நாள் அழுதேன், உண்மைதான். ஆனால் இப்போது சனிக்கிழமைகளில் என் கடையில் கதிரை போதாது. ஆலையை மூடவேண்டாம்."

அனுமதி கிடைத்தது.

"அவ கதைச்சபடியால்தான் தந்தவங்கள்" என்றா மனிசி, காரில்.

"அவவின்ரை கடைக்கு ஆக்களைக் கொண்டுவந்தது ஆர்?"

போன கிழமை, ஆலைக்குப் பக்கத்தில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த கடையின் கண்ணாடியை ஆரோ துடைத்துக்கொண்டு நின்றார்கள்.