திலகவதிக்கு நான் மாற்றிக் கொடுத்த பள்ளிக்கூடம்

ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை ஒன்றில் பல வருடங்கள் விரிவுரையாளராக இருந்தேன். பயிற்சி மாணவர்களைக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்புவது என் பொறுப்பு. அனுப்புவதில் கஷ்டம் இல்லை. அதன் பிறகு வருகிற இடமாற்றக் கோரிக்கைகள்தான் ஆளைத் தின்றன. ஒருவருக்கு அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர். இன்னொருவருக்குத் தலைமையாசிரியர் சொந்த மச்சான், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. எல்லோரையும் திருப்திப்படுத்திவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. அந்தக் கதிரையில் புதிதாக உட்காருகிறவர்களுக்காக, அந்த மிதப்பு இறங்கிய கதையைச் சொல்கிறேன்.

கோப்பாயிலிருந்து வந்த பயிற்சி மாணவி திலகவதியைச் சுன்னாகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் போட்டிருந்தேன். ஒரு காலை அவளுடைய தகப்பன் கந்தப்பர் வந்தார்.

"மாஸ்டர், சுன்னாகத்திலை ஒரு இடத்திலை பிள்ளைக்குக் கலியாணம் பேசுறம். மாப்பிள்ளை வீட்டு வாசலாலை இவள் நெடுகப் போய்வந்தால் அழகில்லை. வேறை இடம் மாத்தித் தாங்கோ."

"அதுக்கென்ன, மாத்தலாம்."

"மாப்பிள்ளையின்ரை அம்மான் வந்து தூர நிண்டு பாப்பாராம். அவருக்குப் பிடிச்சுதெண்டால் படிப்பை நிப்பாட்டிப்போட்டு ஆவணியிலை கலியாணம்."

அப்போதே மருதனார்மடத்துக்கு அருகே உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றி எழுதினேன். செய்தி கேட்டுத் திலகவதி வந்தாள். கதவருகில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"சேர், எனக்குப் படிப்பிக்கத்தான் விருப்பம். வித்தியாதரிசி வந்து பாடத்தைப் பாத்துப் பாஸ் போட்டிட்டால் உத்தியோகம் கிடைச்சிடும். பிறகு ஐயாவும் மறிக்க மாட்டார்."

"நான் இருக்கிறன், பயப்பிடாதை" என்றேன். தகப்பனுக்கும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தேன். இடமாற்றத்தை, பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசிக்கு அறிவிக்க மட்டும் மறந்துபோனேன்.

சில நாள் கழித்து, மேற்பார்வைக்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வாசல் படலையடியில் இறங்கினேன். வேட்டியும் சால்வையுமாக ஒருவர் வியர்த்து வழிய வந்தார்.

"திலகவதி எண்ட பிள்ளை இஞ்சையோ? சுன்னாகத்திலை இருந்து வாறன்."

சுன்னாகம், சால்வை, முகத்தில் கடுகடுப்பு. மாப்பிள்ளையின் தாய்மாமன், அந்த அம்மான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் கண்ட வித்தியாதரிசிகள் கோட்டும் தொப்பியுமாகக் காரில் வருகிறவர்கள். புதிதாக வந்தவர் கதர்க்காரர் என்று எனக்கு யார் சொன்னது?

"பிள்ளை எப்பிடி?" என்று கேட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"தங்கமான பிள்ளை, ஐயா. சத்தமாய் ஒரு சொல்லுக் கதையாது. நாலு பேருக்கு முன்னாலை நிக்கவே கூசும்."

"அப்ப வகுப்பை என்னெண்டு கட்டி மேய்க்கிறா?"

"உது ஆவணி மட்டுந்தானே! பிறகு என்னத்துக்கு வகுப்பு? சமையலிலை நல்ல கெட்டிக்காரி." அவள் கையால் நான் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "நான் வித்தியாதரிசி. பிள்ளையைச் சுன்னாகத்துப் பள்ளிக்கூடத்திலை தேடிப்போட்டு வாறன். சமையலுக்கு மார்க் போடுறது என்ரை வேலையில்லை."

ஒரு பிள்ளையின் உத்தியோகத்துக்கு என் வாயாலேயே குழி தோண்டிவிட்டேன்.

அப்போது நாலாம் வகுப்புப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"பின் வாங்கிலிலை நித்திரை கொள்ளுறவன் எழும்படா! பதினாறாம் வாய்பாட்டைச் சொல்லு! உந்தச் சத்தம் காணாது, றோட்டிலை போறவனுக்கும் கேக்க வேணும்!"

வித்தியாதரிசி என்னைத் திரும்பிப் பார்த்தார். "உதுவோ கூசுற பிள்ளை?"

உள்ளே போய் முழுப் பாடத்தையும் இருந்து பார்த்தார். பாஸ் போட்டார். போகும்போது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதையே பெரிய உபகாரமாக எடுத்துக்கொண்டேன்.

"தப்பினம், பிள்ளை" என்றேன் திலகவதியிடம். "வித்தியாதரிசி வாறதைக் கண்டுதான் அப்பிடிச் சத்தம் போட்டனியோ?"

"இல்லை, சேர். பின் வேலியடியிலை எங்கடை ஐயாவோடை ஆரோ ஒருத்தர் நிண்டு எட்டிப் பாத்தவர். அம்மானாக்கும் எண்டு நினைச்சுத்தான் குரலைக் கூட்டினனான்."

அந்தச் சம்பந்தம் அன்றோடு நின்றது. திலகவதி அடுத்த வருடம் உத்தியோகத்துக்குப் போனாள்.

இடமாற்றம் கேட்டு யார் வந்தாலும், போகிற பிள்ளையைக் கேட்காமல் பேனையைத் தொடாதீர்கள். கேட்டால் மட்டும் போதாது, சொல்வதற்குக் காதும் கொடுங்கள். திலகவதி முதலில் என்னிடம் மெல்லத்தான் சொன்னாள்.